கம்ப்யூட்டர் 1926-க்குப் போனதற்கு ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி:

கிருஷ்ணகிரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். பெரும்பாலும் புளி மூட்டைகள்தான். இந்த 2026 ஜனவரி 1 காலையில் சாஃப்ட்வேரைத் திறந்தால் எல்லா லாட்டுக்கும் வாடகை மைனஸில் காட்டியது. புது பில் போட்டால் தேதி 01-01-1926 என்று விழுந்தது. கேட் பாஸ் வரவே இல்லை. பொங்கல் வியாபாரத்துக்குப் பழைய புளி எடுக்க வந்த லாரிகள் இரண்டு நாள் வாசலில் நின்றன. சாஃப்ட்வேர் விற்ற டீலருக்குப் போன் செய்தேன். "கம்பெனியிலிருந்து ஃபைல் வரும் வரை சிஸ்டம் தேதியை டிசம்பர் 31-ல் வைத்து ஓட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஓனர் பக்கத்தில்தான் இருந்தார். "எப்படியாவது ஓட்டும்மா" என்றார். 3-ஆம் தேதியிலிருந்து 11 வரை தினமும் காலையில் தேதியைப் பின்னால் தள்ளித்தான் வேலை செய்தேன். மனசு கேட்காமல் 6-ஆம் தேதியிலிருந்து ஒவ்வொரு பில்லின் மூலையிலும் உண்மையான தேதியைப் பேனாவால் எழுதினேன். 12-ஆம் தேதி புது ஃபைல் வந்து சரியாகிவிட்டது. இதே சாஃப்ட்வேர் வைத்திருக்கும் வேறு கிடங்குகளிலும் மண்டிகளிலும் இதே கதைதான்.

இப்போது ஓனர் 64,000 ரூபாய் நஷ்டம் என்கிறார். லாரிகளுக்குக் கொடுத்த வெயிட்டிங் சார்ஜ் 14,000. குறைவாகப் போட்ட வாடகை 32,000. ஸ்டாக் கணக்கில் குளறுபடி என்று பேங்க் மறு ஆய்வு செய்ததற்குப் பிடித்தது 18,000. மாதம் 3,000 வீதம் என் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கிவிட்டார். "என் கவனக்குறைவால் நடந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார். டீலர் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனியோ, "உங்களுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்து இரண்டு வருடம் ஆகிறது" என்கிறது. உண்மையில் யார் பொறுப்பு? நான் கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

சகோதரி, அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசித் தீர்க்கலாம். "என் கவனக்குறைவால்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு நான் உங்களுக்காக எந்த அலுவலகத்தில் நின்று பேசினாலும் எதிர்த்தரப்பு முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டும். இன்றைய நிலையில் உங்கள் மேல் தப்பு இருப்பதாகச் சொல்ல அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் உங்களிடமே கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள்.

சரி, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 1926 தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான எண். பழுதான கம்ப்யூட்டர் என்றால் கண்டபடி ஒரு தேதியைக் காட்டும். உங்களுடையது கணக்குப் பிசகாமல் சரியாக நூறு வருடம் பின்னால் போயிருக்கிறது. அப்படியென்றால் அது பழுதாகவில்லை. யாரோ என்றோ எழுதி வைத்த ஒரு விதிப்படி ஒழுங்காக நடந்திருக்கிறது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஓனரிடம் பேசும்போது உதவும். கம்ப்யூட்டரின் ஆரம்ப காலத்தில், துளை போட்டுத் தகவலைப் பதியும் ஒரு துளை அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். நினைவகமும் யானை விலை. ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுவானேன் என்று 1965-ஐ 65 என்று வைத்தார்கள். அந்தச் சிக்கனம்தான் 1999 முடியும்போது, 00 என்றால் 1900-ஆ 2000-ஆ என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல், ஒய்டூகே (2000-ஆம் ஆண்டுப் பிழை) என்று உலகத்தையே அலறவிட்டது. அப்போது பல இடங்களில் தேதிகளை நான்கு இலக்கமாக மாற்றி எழுதப் பணமும் நேரமும் இல்லாமல் ஒரு குறுக்குவழியைப் பிடித்தார்கள். 00 முதல் ஒரு குறிப்பிட்ட எண் வரை வந்தால் 2000-த்தில் சேர், அதற்கு மேல் வந்தால் 1900-த்தில் சேர். அந்த வரம்பு எண்ணை ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு வைத்தார்கள். உங்கள் சாஃப்ட்வேரில் அது 25 ஆக இருந்திருக்க வேண்டும். 25 வரை 2025. 26 என்றதும் 1926. பழைய நிரலை (புரோகிராமை) அப்படியே எடுத்துப் புதிய சாஃப்ட்வேருக்குள் வைத்து விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்த 25 மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இது உங்கள் கிடங்கின் தலைவிதி மட்டுமல்ல. 2020 ஜனவரி 1 அன்று நியூயார்க் நகரத்தின் பார்க்கிங் மீட்டர்கள் கார்டுகளை வாங்க மறுத்தன. பணம் வாங்கும் மென்பொருளில் போட்டு வைத்திருந்த கடைசித் தேதியை யாரும் நீட்டிக்கவில்லை. ஊழியர்கள் மீட்டர் மீட்டராகப் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 2010 புத்தாண்டில் ஜெர்மனியில் சுமார் 3 கோடி வங்கி அட்டைகள் தடுமாறின, ஏனென்றால் சிப்பில் இருந்த மென்பொருளுக்கு 2010 என்ற ஆண்டு புரியவில்லை. அட்டையைத் தயாரித்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அன்றைக்குக் கடையில் அட்டையைச் செருகிய ஆளைப் பார்த்து "நீ சரியாகச் செருகவில்லை" என்று எவரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் நாடு முழுக்க ஒரே நேரத்தில் அதே கோளாறு.

உங்களுக்கும் இதுதான் பலம். ஒரே காலையில், ஒரே சாஃப்ட்வேர், வேறு வேறு ஆபரேட்டர்கள், எல்லா இடத்திலும் 1926. பழையபேட்டையில் ஒரு மண்டியில் உட்கார்ந்திருப்பவரும் நீங்களும் பேசி வைத்துக்கொண்டா ஒரே தப்பைச் செய்தீர்கள்? அந்த இடங்களில் உங்களைப் போன்றவர்கள் இரண்டு மூன்று பேரிடம் "எங்களுக்கும் ஜனவரி 1 அன்று இப்படித்தான் ஆனது" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம், ஸ்கிரீனைப் போட்டோ எடுத்திருந்தால் அதுவும் சேர்த்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி நாளைக்கு "எதிர்பாராமல் நடந்தது, எங்கள் கையில் இல்லை" என்று சொல்லக்கூடும். வெள்ளமோ இடியோ என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. 2025-க்கு அடுத்தது 2026 என்பது காலண்டர் அச்சடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். மற்றப் பிழைகளுக்கும் தேதிப் பிழைக்கும் வித்தியாசமே இதுதான்: அது எந்த நாள், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்று நிரலைப் படிக்கத் தெரிந்தவரால் வருடக்கணக்கில் முன்னாடியே சொல்ல முடியும். 32 பிட்டில் விநாடிகளை எண்ணும் பழைய சிஸ்டங்கள் 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியைத் தாண்டும்போது தடுமாறும் என்று இப்போதே எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே தெரியக்கூடியதைச் சொல்லாமல் இருந்ததற்குப் பெயர் கவனக்குறைவுதான். ஆனால் அது நிரலைப் பார்க்கும் உரிமை யாரிடம் இருந்ததோ அவருடைய கவனக்குறைவு. உங்களுக்குத் திரை மட்டும்தான் தெரியும்.

அடுத்து அந்த 64,000. இதை ஒரே தொகையாகப் பேசும் வரை பழி உங்கள் மேல்தான் நிற்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்றையும் தனித்தனியாக எடுத்து, அந்தந்த நேரத்தில் அதைத் தடுத்திருக்கக்கூடிய கை எது என்று பார்த்தால் படம் மாறிவிடும்.

லாரி வெயிட்டிங் 14,000. சாஃப்ட்வேர் நின்றதால் லாரி நின்றது என்பது பாதி உண்மை. உங்கள் கிடங்கு வாசலில் வாட்ச்மேன் ஒரு கேட் ரிஜிஸ்டர் வைத்திருப்பாரே, வண்டி எண், மூட்டை எண்ணிக்கை, நேரம் எல்லாம் கையால் எழுதி? அந்த நோட்டு ஜனவரி 1-லும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. லாட் எண்ணைச் சரிபார்த்து, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில் ஒரு கேட் பாஸ் எழுதி ஓனர் கையெழுத்துப் போட்டிருந்தால் லாரி மத்தியானமே கிளம்பியிருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எல்லாக் கிடங்கும் அப்படித்தானே ஓடியது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 73-ஆம் பிரிவு நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேசும்போது, அந்த இடைஞ்சலைச் சமாளிக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதனால் ஓனர் இதைக் கம்பெனியிடம் கேட்டால்கூட முதல் நாளுக்குக் கிடைக்கலாம், இரண்டாம் நாளுக்கு "ஏன் கையால் எழுதவில்லை?" என்ற கேள்வி வரும். கையால் எழுதலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஓனருக்கு உண்டு, ஆபரேட்டருக்கு இல்லை.

நல்லவேளையாக இது புளி. இதுவே பாலக்கோடு மண்டித் தக்காளியாக இருந்திருந்தால் இரண்டு நாளில் சரக்கே அழுகி, தொகை எங்கேயோ போயிருக்கும். எந்த வியாபாரியாவது "சரக்கு கெட்டுவிட்டது" என்று பின்னால் கிளம்பினால் அதை நம்பாதீர்கள். குளிர் அறைக்குள் இருந்த புளி இரண்டு நாளில் கெடாது.

வாடகை 32,000. இதுதான் பெரிய தொகை, ஆனால் இது நஷ்டமே இல்லை. ஜனவரியில் வெளியே போன மூட்டைகளுக்கு டிசம்பர் 31 வரை மட்டும் வாடகை போட்டதால் குறைந்தது, அவ்வளவுதானே? மூட்டை எடுத்த வியாபாரிகள் யார் என்று தெரியும். உண்மையில் எடுத்த தேதி கேட் ரிஜிஸ்டரில் இருக்கிறது. 6-ஆம் தேதிக்குப் பிறகு போன பில்களில் உங்கள் பேனா எழுத்தே இருக்கிறது. "சாஃப்ட்வேர் கோளாறால் வாடகை குறைவாகக் கணக்கிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதித் துணை பில் அனுப்பினால் பெரும்பாலானோர் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காகச் சரக்கு வைப்பவர்கள்தானே. ஓனர் இன்னும் ஒருவரிடமும் கேட்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்குத் தோன்றுகிறது. வியாபாரியிடம் கேட்கச் சங்கடம், உங்களிடம் கேட்கச் சங்கடமில்லை. வரவேண்டிய பாக்கியை வசூலிக்காமல் விட்டுவிட்டு அதை நஷ்டம் என்று சொல்வதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

பேங்க் பிடித்த 18,000. இதில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனவரியில் உள்ளே வந்த மூட்டைகள் டிசம்பர் 31 கையிருப்பில் ஏறியிருக்கும். கையிருப்பை வைத்துத்தான் பேங்க் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வரம்பு போடுகிறது. அந்தத் தேதியில் இல்லாத சரக்கை இருந்ததாகக் காட்டினால் பேங்க் சந்தேகப்படத்தான் செய்யும். ஆனால் அந்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் கையெழுத்துப் போட்டவர் யார்? பிரிண்ட் எடுத்தது நீங்கள், கையெழுத்து ஓனருடையது. தேதி பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், "எப்படியாவது ஓட்டும்மா" என்று சொன்னவரே அவர்தான். அனுப்பும் முன் பேங்க் மேனேஜருக்கு ஒரு போன் போட்டு "சாஃப்ட்வேர் தகராறு, பத்து நாளில் சரியான கணக்கு தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் இந்த 18,000 வந்திருக்காது. இது பெரும்பாலும் அவர் கணக்கு. டீலருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பங்கு எதுவுமே இல்லையா என்றால், 3, 4, 5 ஆகிய மூன்று நாட்களில் போன பில்களில் உண்மைத் தேதி எங்கும் இல்லை. நீங்களே நாலாம் நாளில் மனசு கேட்காமல் எழுதத் தொடங்கினீர்கள். முதல் நாளே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவுதான். முதலாளி பக்கத்தில் நின்று சொன்னதைச் செய்த ஊழியர், யாரும் சொல்லாமலே உண்மையைப் பதிவு செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார் என்பதை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். அந்தப் பேனா எழுத்துதான் ஓனரையே பேங்க்கிடம் காப்பாற்றப் போகிறது, அவர் அதை இன்னும் உணரவில்லை.

டீலரும் கம்பெனியும். ஓனருக்கு நான் வக்கீலாக இருந்தால் சண்டையை இங்கேதான் தொடங்குவேன். நீங்களும் அவரை இந்தப் பக்கம் திருப்ப முடிந்தால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி.

ஏஎம்சி இல்லை என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஒரு இடத்தில் ஓட்டை. வருடாந்திரப் பராமரிப்பு என்பது விற்ற பிறகு வரும் வேலைக்கு. அந்த 25 விற்ற அன்றைக்கே உள்ளே இருந்தது. குறையோடு விற்றுவிட்டு, பராமரிப்புப் பணம் கட்டாததால் குறைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்வது எப்படி? கடையில் கிடைக்கும் தயார் சாஃப்ட்வேரும் சரக்குதான் என்று டிசிஎஸ் (டாடா கன்சல்டன்சி சர்வீசஸ்) தொடுத்த விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. சரக்கு என்றால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டி, வாங்கிய நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்க இடம் உண்டு. கிடங்கு வாடகைக் கணக்குக்கு என்று விற்ற சாஃப்ட்வேருக்கு அடுத்த வருடம் எது என்று தெரியாவிட்டால் அது எப்படிப் பொருத்தம்? கம்பெனிக்காரர்கள் இதற்கு எதிராக லைசென்ஸ் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்ஸ்டால் செய்யும்போது நாம் படிக்காமல் "சம்மதம்" அழுத்துகிறோமே, அதில் அநேகமாக "எங்கள் பொறுப்பு நீங்கள் கட்டிய விலைக்கு மேல் போகாது" என்று ஒரு வரி இருக்கும். அதை முதலில் தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரிய நிறுவனங்களே இதில் எவ்வளவு கொடுக்கின்றன என்பதற்கு ஒரு உதாரணம். 2012 பிப்ரவரி 29 அன்று இணையம் வழியாகக் கம்ப்யூட்டர்களை வாடகைக்குத் தரும் மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவை முடங்கியது. ஒரு வருடம் செல்லுபடியாகும் சான்றிதழுக்கு முடிவு தேதி போட, அந்த நிரல் ஆண்டில் ஒன்றை மட்டும் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று வந்தது. அப்படி ஒரு நாளே கிடையாது. மைக்ரோசாஃப்ட் தப்பை விவரமாக எழுதி வெளியிட்டது, அந்த மாதக் கட்டணத்தில் 33 சதவீதம் தள்ளுபடியும் தந்தது. சேவைக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்ததே தவிர, அன்றைக்கு வியாபாரம் போனவர்களின் நஷ்டத்துக்கு அது ஈடாகாது. மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு காய்கறி, மளிகைக் கடையில் 2000-த்தில் காலாவதியாகும் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கல்லா மிஷின்கள் மொத்தமும் நின்றுவிடும். 1997-ல் வழக்குப் போட்டார்கள், அடுத்த வருடம் 2,50,000 டாலரில் சமரசமானது. ஒய்டூகே சம்பந்தமான ஆரம்ப வழக்குகளில் அது ஒன்று. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை, மிஷினைத் தந்த தரப்பைத்தான் கேட்டார்கள்.

டீலர் விஷயம் தனி. சாஃப்ட்வேரில் 25 இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது, அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் தேதியைப் பின்னால் தள்ளச் சொன்னது அவருடைய சொந்த யோசனை. அதனால் வாடகை, ஸ்டாக் கணக்கு எல்லாம் என்னவாகும் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லை. முதல் இரண்டு நாள் நஷ்டம் கம்பெனிப் பிழையின் விளைவு, அடுத்த ஒன்பது நாள் குளறுபடி இந்த யோசனையின் விளைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பேசாவிட்டால் கம்பெனி "தேதியை மாற்றியது நீங்கள்தானே" என்று மொத்தத்தையும் உங்கள் பக்கம் தள்ளிவிடும். அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இன்னொருவருக்கு ஃபார்வேர்டு செய்து வைத்ததோடு விடாமல், அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 2023-ன் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. எந்தக் கருவியில் இருந்து எடுத்தது என்று அதில் சொல்ல வேண்டும்.

ஓனர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்பார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்கியதை வெளியே நிறுத்துகிறது. தன் பிழைப்புக்காகத் தானே கடை நடத்துபவருக்கு விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்தும் கிடங்குக்கு அது பொருந்துவது கஷ்டம். அவர் தனியாகப் போவதைவிட, அதே சாஃப்ட்வேர் வைத்திருக்கும் மற்றக் கிடங்குக்காரர்களோடு சேர்ந்து கம்பெனிக்கு ஒரே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது புத்திசாலித்தனம். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட நோட்டீஸுக்குக் கோர்ட்டுக்குப் போகும் முன்பே பதில் வரும். இலவசத் திருத்தம், கொஞ்சம் பணம், ஒரு வருட ஏஎம்சி என்று எங்காவது முடியும். 64,000 முழுசாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் எப்போது தொடங்கியது, விற்ற அன்றா, வெடித்த அன்றா என்று கம்பெனி சண்டை போடும். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி உங்கள் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு இறுக்கமான நிபந்தனை வைத்திருக்கிறது. பாதுகாக்கச் சொல்லி உங்களிடம் தனியாக ஒப்படைத்த சரக்கு போயிருக்க வேண்டும், அல்லது நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய பணம் போயிருக்க வேண்டும். அது உங்கள் அலட்சியத்தால் நேரடியாகப் போயிருக்க வேண்டும். பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டு பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இதேதான் இருந்தது, புதிதாக எதுவும் இல்லை. புளி உங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை, பணம் காணாமல் போகவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. மாதம் 3,000 பிடிப்பது செல்லாது.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று வாயால் மறுத்தால் சண்டையாகும். அதற்குப் பதில் நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள், உங்கள் கையெழுத்தில், பணிவாக. இப்படி இருக்கலாம்:

"1-1-2026 காலை சாஃப்ட்வேர் புதிய பில்களுக்கு 1926 என்று தேதி காட்டியது. உடனே தங்களிடமும் டீலரிடமும் தெரிவித்தேன். டீலர் வாய்ஸ் மெசேஜில் சொன்னபடியும், தாங்கள் நேரில் சொன்னபடியும் 3-1-2026 முதல் 11-1-2026 வரை கம்ப்யூட்டர் தேதி 31-12-2025-ல் வைத்து இயக்கப்பட்டது. 6-1-2026 முதல் பில்களில் சரியான தேதியைக் கையால் குறித்துள்ளேன். இதில் என் கவனக்குறைவு எதுவும் இல்லை. சம்பளத்தில் பிடித்த தொகையைத் திரும்பத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட் ரிஜிஸ்டர், மேற்படி பில்களின் நகல்கள், கம்ப்யூட்டரில் உள்ள பதிவுகள் ஆகியவற்றை அழியாமல் வைத்திருக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு காப்பி எடுத்து ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட். கடைசி வரியில் கம்ப்யூட்டர் பதிவு என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் தேதியை மாற்றினால் அது கம்ப்யூட்டரில் நடந்ததையெல்லாம் குறித்து வைத்துக் காட்டும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் என்ற பகுதியில், பழைய நேரம் புதிய நேரம் இரண்டோடும் பதிவாகும். தினமும் காலையில் நீங்கள் தேதியைத் தள்ளியது அத்தனையும் அங்கே இருக்கும். டீலரின் மெசேஜ் வந்த நேரத்தையும் முதல் முறை தேதி மாறிய நேரத்தையும் பக்கத்தில் வைத்தால் யார் சொல்லி எது நடந்தது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. அந்தப் பதிவுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழையது அழிந்துகொண்டே போகும், ஆகவே கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை நேரத்தில் உங்கள் திரையில் தெரிவதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளலாம். ஆனால் கிடங்கின் டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலை வேண்டவே வேண்டாம். உரிமையாளர் அனுமதியில்லாமல் டேட்டாவைக் காப்பி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின் கீழ் வரும். இல்லாத தப்புக்குப் பதில் சொல்லப் போய் உண்மையான தப்பு ஒன்றை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

கடிதத்துக்குப் பதில் வராமல் அடுத்த மாதமும் பிடித்தால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று யோசிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வேலையை விடுவது உங்கள் விருப்பம், ஆனால் இப்போது வேண்டாம். இந்த நேரத்தில் விட்டால் "தப்பு செய்துவிட்டு ஓடிவிட்டாள்" என்று கதை கட்ட வசதியாகிவிடும், பிடித்த பணத்தை வாங்குவதும் இழுபறியாகும். புதுப்புளி வரத்து மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்குப் போகும், அப்போது உங்களைப் போல லாட் கணக்குத் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தக் கிடங்கு ஓடாது என்பது ஓனருக்கும் தெரியும். துணை பில்கள் போட்டு அந்த 32,000-ஐ வசூலித்துத் தருகிறேன் என்று நீங்களாகவே ஒரு பட்டியல் தயார் செய்து அவர் மேஜையில் வையுங்கள், எந்த வியாபாரி, எத்தனை மூட்டை, எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று. பாதிப் பணம் வந்துவிட்டால் மீதியைப் பேசுவது சுலபம். பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் பிடித்தம் காட்டிய சம்பளச் சீட்டுகளையும் அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு விடுங்கள்.